சரிவில் கிடந்த செருப்புகள்

கடைக்குப் போவதென்றால் மற்றவர்கள் பை எடுத்தோமா, பணம் எடுத்தோமா என்று பார்ப்பார்கள். நான் அந்தக் கடைக்கு எத்தனை படி, கதவு தள்ளுவதா இழுப்பதா என்று யோசிப்பேன். ஆம்பூர் பஜாரில் எந்தக் கடைக்கு எத்தனை படி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மருந்துக் கடைக்கு இரண்டு. பாத்திரக் கடைக்கு மூன்று, அதில் மூன்றாவது உடைந்தது. நகைக் கடைக்கு நாலு, நாலும் கிரானைட், எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் ரோடு உயரும். மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிடுமே என்று கடைக்காரர்களும் வாசலை உயர்த்திக் கட்டுவார்கள். இரண்டும் போட்டி போட்டு வளர்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கு நாற்பத்தாறு வயதாகிவிட்டது.

இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம். வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை காலிப்பர் என்கிற இரும்புச் சட்டம். அதன் அடியிலேயே பூட்ஸைச் சேர்த்துப் பிணைத்திருக்கும். இரண்டு கக்கத்திலும் கட்டை. போய்வர அரசாங்கம் கொடுத்த பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். அதில் உட்கார்ந்திருக்கும்வரை நான் ராணி. இறங்கினால்தான் இம்சை.

அதனால் நான் பெரும்பாலும் இறங்குவதில்லை. கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஹார்ன் அடித்தால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். "நீங்க அங்கயே இருங்கக்கா, எடுத்துட்டு வர்றோம்" என்பார்கள். உப்பு, புளி, மாத்திரை, வளையல் எல்லாம் ரோட்டுக்கே வந்துவிடும். புடவையும் அப்படித்தான். கடைக்காரர் கைகொள்ளும் அளவுக்கு ஐந்து புடவை எடுத்து வருவார், நான் ஹாண்டில்பார்மேல் விரித்துப் பார்த்து ஒன்றைச் சொல்வேன். என் கல்யாணப் புடவைகூட அப்படி வந்த ஐந்தில் ஒன்று. ஊரில் யாரும் என்னிடம் கடுமையாகப் பேசினதில்லை, எல்லோருக்கும் நல்ல மனசு. அந்த நல்ல மனசு எனக்கு அலுத்துப்போய் ரொம்ப நாளாகிறது.

கதவுக்கெல்லாம் விதிமுறை இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது ஷூ கம்பெனியில்தான். நான் அங்கே தையல் பிரிவில் இருக்கிறேன், ஷூவின் மேல்பாகத் தோலைத் தைக்கிற வேலை. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை வெளிநாட்டு வியாபாரிகளின் ஆள் ஆடிட்டுக்கு வருவார். டேப் வைத்துக் கதவை அளப்பார். திறந்தபின் நடுவில் மூன்றடி வழி வேண்டும். வாசலில் அரை அங்குலத்துக்கு மேல் தடுப்புக் கூடாது. ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சரிவு வேண்டும், ஒரே கையால் தள்ளினால் கதவு திறக்க வேண்டும். அன்றைக்குக் காலையிலேயே ஆபீஸிலிருந்து ஒரு பொண்ணு என் மெஷினுக்கு வந்து, "அக்கா, சார் முன்னாடி ராம்ப்ல ஒரு தடவை நடந்து காட்டிடுங்கக்கா" என்பாள். நடந்து காட்டுவேன். அவர் தலையாட்டி எழுதிக்கொள்வார், எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கிடைக்கும். கம்பெனி கேட்டுக்குள் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டுக்கு வெளியே யார் டேப் பிடிக்கிறார்கள்?

போன வருஷம் என் மகளுக்கு வரன் அமைந்தது. காட்பாடியில் மாப்பிள்ளை வீடு. என் வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருஷமாகிறது, அதனால் என் தம்பிதான் முன்னே நின்று பேசினான். அவனும் அவன் மனைவியும் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து வந்தார்கள். "படி ஜாஸ்திக்கா, நீ வேணாம்" என்றான் தம்பி. சரி என்று இருந்துவிட்டேன். நிச்சயம் எங்கள் வீட்டில் நடந்தது. எல்லாம் முடிந்து வெற்றிலை பாக்கு எடுக்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

"கல்யாணத்தன்னிக்கு அம்மா மேடையில நிப்பாங்களா, இல்ல கீழயே உக்காந்துக்குவாங்களா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நாற்காலி போடுவதற்காகக் கேட்டார். ஆனால் என்னைக் கேட்டிருக்கலாம். எனக்கு வாய் இருக்கிறது, அதில் வாதம் வரவில்லை. முகூர்த்தப் பட்டு எடுக்க இரண்டு வீட்டாரும் சேர்ந்துதான் கடைக்குப் போவது எங்கள் வழக்கம். அந்தக் கடைக்குள் யாரும் தூக்காமல், யாரும் கை கொடுக்காமல் நானே நடந்து போய் அந்த அம்மாவுக்கு எதிரில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

பஜாரில் ஒரு பாயின் பட்டுக் கடையைப் புதிதாக இடித்துக் கட்டியிருந்தார்கள். பத்து நாளைக்கு முன்பே நான் தனியாகப் போய் அதை ஆடிட் செய்தேன். பையில் தையல்காரர் இஞ்சு டேப். வாசலில் நாலு படி, பக்கத்தில் நீளமாகச் சரிவு, ஓரத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி, தரையில் நீலப் பெயிண்டில் சக்கர நாற்காலிப் படம். பார்த்ததும் மனசு குளிர்ந்தது. அப்புறம்தான் அந்தப் படத்தின்மேல் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். செருப்பு. சரிவின் அடியிலிருந்து நுனிவரை செருப்பு.

பட்டுக் கடைக்குள் வெள்ளை விரிப்பில் உட்கார வேண்டும், அதனால் செருப்பை வெளியே விட வேண்டும். படியில் விட்டால் ஏறுகிறவர்களுக்கு இடைஞ்சல். பக்கத்திலேயே அகலமாக, சுத்தமாக, யாருமே நடக்காத ஓர் இடம் இருக்கிறது. நல்ல எண்ணத்தோடுதான் எல்லோரும் அங்கே விடுகிறார்கள். ஊர் முழுக்கச் செருப்பும் ஷூவும் தைக்கிற ஊர் இது. அதைக் கழற்றி எங்கே வைப்பது என்பதை மட்டும் நாங்கள் இன்னும் படிக்கவில்லை.

வாட்ச்மேன் ஓடிவந்து நாலு ஜோடியைத் தள்ளி வழி செய்தார். மேலே ஏறிக் கதவுக்கு டேப் பிடித்தேன். மூன்றடி சரியாக இருந்தது. ஆனால் கண்ணாடிக் கதவைத் தோளால் முட்டினேன், அசையவில்லை. இரண்டாவது முறை பலமாக முட்டியதில் கொஞ்சம் திறந்து, திரும்பி வந்து என் கட்டையைக் கவ்விக்கொண்டது. உள்ளேயிருந்து பாய் எழுந்து வந்தார். அறுபது வயசு இருக்கும், மரியாதையான மனுஷர்.

"இன்னாம்மா, நீங்க ஏன் கஷ்டப்படறீங்க? வண்டியிலயே உக்காருங்க, வேணுங்கறத வெளிய கொண்டாரச் சொல்றேன்."

"எனக்கு வெளிய வேணாம் பாய். பொண்ணு கல்யாணம், முகூர்த்தப் பட்டு. நான் உள்ள வரணும்."

அவர் என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். "அளந்தீங்களா?"

"அளந்தேன். அகலம் சரியா இருக்குது. ஸ்பிரிங்தான் ரொம்ப டைட்டு. எனக்கு ரெண்டு கையிலயும் கட்டை இருக்குது, எந்தக் கையால தள்ளுவேன்?"

"லூஸா வெச்சா ஏசி காத்து போய்டுதும்மா. தூசி வேற, பட்டுக்கு ஆவாது." சொல்லிவிட்டு அவருக்கே கூச்சமாகிவிட்டது. "ப்ளான் பாஸாவணும்னா ராம்ப் வெக்கணும்னாங்க, வெச்சேன். உண்மைய சொல்லட்டுமா? அதுல நடந்து வந்த மொத ஆள் நீங்கதான்."

"செருப்பு இருந்தா எப்படி பாய் நடந்து வருவாங்க?"

"அதும் நியாயந்தான்" என்று சிரித்தார். பிறகு, "நீங்க வர்ற நாளு சொல்லுங்கம்மா. ஸ்பிரிங்க லூஸ் பண்ணி, ராம்ப க்ளீன் பண்ணி வெச்சிடறேன். பூட்ஸெல்லாம் கழட்ட வேணாம், அப்படியே வாங்க. சொல்லிட்டு வந்தீங்கன்னா ஒரு பேஜாரும் இல்ல" என்றார்.

சொல்லிவிட்டு வர வேண்டுமாம். ரேஷன் கடைக்கும் சொல்லிவிட்டு, டீக் கடைக்கும் சொல்லிவிட்டு. ஆனால் அவ்வளவு தன்மையாகப் பேசுகிறவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பட்டு எடுத்தால் நல்லது என்று சம்பந்தி வீட்டில் சொல்லியிருந்தார்கள். கம்பெனியிலும் அன்றைக்கு ஜும்மா தொழுகைக்காகச் சாப்பாட்டு நேரம் நீளம், எனக்குப் பர்மிஷன் சுலபமாகக் கிடைத்தது. ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. தொழுகை நேரத்தில் பாயும் கடையில் இருக்க மாட்டார். அவரும் நாளைக் கேட்டுத் தலையாட்டினாரே தவிர, மணியை யோசிக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து செய்த தப்பு. மற்ற கடைகளெல்லாம் பாதி ஷட்டர் இறக்கியிருந்த நேரத்தில், பாவம், எங்களுக்காகத் தன் கடையை மட்டும் திறந்தே விட்டு வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு மசூதிக்குப் போயிருந்தார். உள்ளே விற்பனைப் பெண்கள் மட்டும்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்றேகால். தம்பி குடும்பம், மகள், சம்பந்தி வீட்டார் எல்லோரும் எனக்கு முன்பே வந்துவிட்டார்கள். பாய் வாக்குத் தவறவில்லை. படிக்குப் பக்கத்தில் செருப்பு வைக்கப் புது இரும்பு ராக் போட்டிருந்தார். அது காலியாக இருந்தது. கூட்டிப் பெருக்கிச் சுத்தமாகக் கிடந்த சரிவின்மேல் ஒன்பது ஜோடி செருப்பு இருந்தது.

எல்லாம் எங்கள் செருப்பு.

கீழேயே, முதல் காலடி வைக்க வேண்டிய இடத்தில், பழுப்பு நிறத்தில் வார் வைத்த ஒரு ஜோடி. அது என் மகளுடையது. கம்பெனியில் தையல் ஒன்று விலகிப்போனதென்று கழித்த ஜோடியை நான்தான் வாங்கி வந்து கொடுத்தேன். அந்த விலகின தையல் எனக்கு ரோட்டிலிருந்தே தெரிந்தது. பிறந்ததிலிருந்து என் கட்டைச் சத்தத்தில் வளர்ந்தவள். எந்தக் கடைக்கு எத்தனை படி என்று அவளுக்கும் தெரியும். பேச்சு சுவாரஸ்யத்தில், வருங்கால மாமியாருக்கு முன்னே, நாலு பேர் விட்ட இடத்தில் அவளும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. கண்தான் நிறைந்துவிட்டது.

கண்ணாடி வழியாக எல்லோரும் தெரிந்தார்கள். மகள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு போன் அடித்தால் போதும், ஐந்து பேர் ஓடி வருவார்கள். தம்பி ஒரு கக்கம், மாப்பிள்ளை ஒரு கக்கம். "பாத்து, பாத்து" என்று சம்பந்தியம்மா பின்னாலேயே வருவார். அதற்கா பத்து நாள் முன்பே டேப்போடு வந்தேன்? போனைப் பையிலேயே போட்டேன்.

ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையிலிருந்த கட்டையால் மகளின் செருப்பைத் தள்ளினேன். அது உருண்டு ரோட்டில் போய் விழுந்தது. தம்பி செருப்பு, அவன் மனைவி செருப்பு எல்லாம் சுலபமாகப் போயின. நடுவில் ஜரிகை வேலை செய்த புதுச் செருப்பு ஒன்று இருந்தது, நிச்சயத்தன்று எங்கள் வாசலில் பார்த்தது. சம்பந்தியம்மாவுடையது. அதைப் போய்க் கட்டையால் தள்ளுவதா? குனிந்து கையால் எடுத்து வைக்கலாமென்றால் குனிந்தால் எழ முடியாது. தாண்டிப் போகலாமென்று இரண்டுக்கும் நடுவில் கட்டையை ஊன்றினேன். கட்டை வாரின்மேல் ஏறி வழுக்கியது. கம்பி மட்டும் இல்லையென்றால் அன்றைக்குப் பல் போயிருக்கும்.

வெயில் மண்டையைப் பிளந்தது. அப்புறம் அதையும் தள்ளினேன். பெண்ணைக் கொடுக்கப்போகிற இடத்துச் சம்பந்தியின் செருப்பைக் கட்டையால் நெட்டித் தள்ளினவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கதவின் ஸ்பிரிங்கைப் பாய் லூஸ் செய்ததும் உண்மை, கதவு திறந்தே நிற்கிறதென்று கடைப் பெண்கள் மறுபடி டைட் செய்ததும் உண்மை. அது பின்னால் தெரிந்தது. அப்போது முட்டிப் பார்த்தேன், அசையவில்லை. இந்த மாதிரிக் கதவுக்கு என்னிடம் ஒரே ஒரு வழிதான் உண்டு. திரும்பி நின்று, முதுகைக் கொடுத்து, உடம்புக் கனம் முழுவதையும் சாய்த்துத் தள்ளுவது. அப்படித்தான் உள்ளே போனேன். நிமிர்ந்த தலையோடு நுழைய வேண்டுமென்று ஆசைப்பட்ட கடைக்குள், சம்பந்தி வீட்டார் பார்க்க, பின்பக்கமாக நுழைந்தேன்.

திரும்பினேன். மகள் எழுந்து ஓடி வந்தாள்.

"அம்மா! வந்துட்டியா? சொல்லிருந்தா நான் வெளிய வந்திருப்பேனே!"

பாய் சொன்ன அதே வார்த்தை. அவர் சொன்னபோது வலிக்கவில்லை.

"உன் செருப்பு ரோட்டுல கெடக்குது" என்றேன். "உன் மாமியாரோடதும் கெடக்குது. போய் எடுத்து ராக்குல வை."

அவளுக்குப் புரியவில்லை. வெளியே போனாள். வெறுங்காலோடு, வெயில் சுட, நுனிக்காலில் நின்று ரோட்டைப் பார்த்தாள். பிறகு சரிவைப் பார்த்தாள், மீதியிருந்த செருப்புகளைப் பார்த்தாள். கால் சூட்டை மறந்து அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மார்போடு அணைத்து எடுத்துப்போய் ராக்கில் அடுக்கினாள். சம்பந்தியம்மாவும் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சு?" என்றார்.

"நான் வர்ற வழியில இருந்துச்சு. தள்ளிட்டேன். மன்னிச்சுக்கங்க."

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு என் கட்டைகளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க" என்று தன் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். விரிப்பு ஓரத்தில் நாற்காலி போட்டார்கள், பூட்ஸோடு உட்கார்ந்தேன்.

மகள் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டைத் தொடப் போனவளை, "கைய கழுவிட்டு வாடி" என்றேன். கழுவிவிட்டு வந்து, எங்கேயும் பார்க்காமல், "சாரிம்மா" என்றாள்.

அதற்கப்புறம்தான் கடையை நிமிர்ந்து பார்த்தேன். தரையிலிருந்து கூரைவரை புடவை. எனக்குத் தலை சுற்றியது. இத்தனை நிறம் இருக்கும்போது இத்தனை வருஷமாக ஐந்தில் ஒன்றைப் பொறுக்கியிருக்கிறேன். ஒருவேளை என் கல்யாணத்துக்கு எனக்குப் பிடித்த புடவை கூரையோரம் எங்கோ இருந்திருக்கும், கீழே இறங்கி ரோட்டுக்கு வராமலேயே போயிருக்கும். நாற்பது புடவை பிரிக்க வைத்தேன். தம்பி நெளிந்தான். அரக்கும் பச்சையும் சேர்ந்த ஒன்றை மகள் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றாள், அவள் பக்கத்தில் அதே கண்ணாடியில் நானும் இருந்தேன். அதையே எடுத்தோம்.

வெளியே வரும்போது மணி நாலு. ராக்கில் எங்கள் செருப்பு ஒழுங்காக இருந்தது. சரிவில் வேறு ஏதோ குடும்பத்தின் செருப்புகள், ஒரு குழந்தைச் செருப்பு உட்பட. தொழுகை முடிந்து வந்திருந்த பாய் பதறிப்போய் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். அதற்குள் மகள் எல்லோருக்கும் முன்னே இறங்கிக் குனிந்து எடுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் மேலே நின்று அவள் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள்கூட இல்லை. அதற்கப்புறம் இவளைப் பார்க்க வேண்டுமென்றால் நான் காட்பாடிக்குப் போக வேண்டும். படி ஜாஸ்தி என்று தம்பி சொன்ன அந்த வீட்டுக்கு.

பக்கத்தில் சம்பந்தியம்மா நின்றிருந்தார். அவரைக் கேட்டேன்.

"உங்க வீட்டு வாசல்ல எத்தன படி?"

அவர் யோசித்தார். முப்பது வருஷமாக ஏறி இறங்குகிற வாசல். உதட்டுக்குள் எண்ணிப் பார்த்தார், விரலை மடக்கினார், மறுபடி நீட்டினார்.

"அஞ்சு இருக்கும்... இல்ல, ஆறா? கவனிச்சதில்லையே."

"இன்னிக்குப் போய் எண்ணி வைங்க" என்றேன். "நான் சொல்லிட்டு வர மாட்டேன்."